டிரவுட்டுக்கு ஃபிளை தூண்டில்: சிங்கப்பூர்த் திடலில் தொடங்கிக் குளிர்ந்த ஆறு வரை

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் சுறுசுறுப்பாக இரையெடுக்கும். 20-ஐத் தாண்டினால் திணறும். 25-ஐ ஒட்டிவிட்டால் பிழைப்பதே கடினம். நம் நீர்த்தேக்கங்களின் தண்ணீர் ஆண்டு முழுக்க 28, 30 டிகிரியில் இருப்பதால் சிங்கப்பூரில் டிரவுட்டுக்கு வழியில்லை. ஆனால் டிரவுட் பிடிப்பதில் கடினமான பாதி, மீன் இருக்கும் இடத்துக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. நியூசிலாந்துக்கு ஒரு வார விடுமுறையில் போய், அங்கே முதன்முதலாக ராடை (தூண்டில் கம்பை) கையில் எடுப்பவர்கள் முதல் மூன்று நாளை லைனை (ராடால் வீசும் தடித்த நூலை) சிக்கெடுப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள். அந்த மூன்று நாள் பாடத்தை வீட்டுக்கு அருகிலுள்ள திடலிலும் பிறகு நீர்த்தேக்கக் கரையிலுமாக ஆறேழு வாரத்தில் படித்துவிடலாம்.

எது பறக்கிறது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கிறது, தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃபிளையில் இது தலைகீழ். ஃபிளை என்பது பூச்சிபோல் தோன்ற இறகும் முடியும் சுற்றிய சின்ன முள், அதற்கு எடையே இல்லாததுபோல்தான். அதை எவ்வளவு பலமாக எறிந்தாலும் காலடியில்தான் விழும். எடை முழுவதும் லைனில் இருக்கிறது. 6-ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 10.4 கிராம், 5-ஆம் எண் என்றால் 9.1 கிராம். இந்த எடை ராடை வளைக்கிறது, வளைந்த ராடு நிமிரும்போது லைனைச் சுருள் பிரித்து அனுப்புகிறது, லைனின் நுனியில் ஃபிளை சும்மா பயணம் செய்கிறது.

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வரும். ராடில் 6 என்று எழுதியிருந்தால் லைனிலும் 6 என்று ஏன் இருக்க வேண்டும், பலம் ஏன் உதவாது, பின்பக்கம் ஏன் முன்பக்கத்தைவிட முக்கியம் என்பதற்கெல்லாம் காரணம் அதுதான்.

என்ன வாங்குவது

டிரவுட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 9 அடி, 5-ஆம் எண் ராடு. சிங்கப்பூரில் தொடங்குகிறவர் 9 அடி, 6-ஆம் எண்ணை எடுப்பது நல்லது. இங்குள்ள நீர்த்தேக்கங்களில் பீகாக் பாஸ் என்ற மீனுக்குப் போடும் கனமான ஃபிளையை 5-ஆம் எண் சுமக்கத் திணறும். நியூசிலாந்தின் காற்றுக்கும் பெரிய டிரவுட்டுக்கும் 6 தாராளமாகப் பொருந்தும். ஒரே ராடு இரண்டு வேலைக்கும் ஆகும். நான்கு துண்டாகப் பிரியும் ராடாக வாங்குங்கள். ஒவ்வொரு துண்டும் முக்கால் மீட்டருக்குள் அடங்கும், பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோகலாம். தொடக்கத்துக்கு நடுத்தர வளைவுள்ள ராடே நல்லது. மிக விறைப்பான ராடு அனுபவசாலிகளுக்கு நன்றாக இருக்கும், புதியவருக்கு லைனின் எடையைக் கைக்கு உணர்த்தாது.

ரீலில் பணத்தைக் கொட்ட வேண்டாம். 6-ஆம் எண் லைனும் அதற்கு அடியில் சுற்றும் 75 மீட்டர் பேக்கிங் நூலும் கொள்ளும் அளவு, சீராக இழுபடும் பிரேக், இவ்வளவு போதும். மிச்சப்படும் பணத்தை லைனில் போடுங்கள்.

லைன் விஷயத்தில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. கடையில் டிரவுட் லைன் என்று விற்பவை குளிர்நீருக்காகச் செய்தவை. நம் வெயிலில் அவற்றின் மேற்பூச்சு இளகி, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, வெந்த நூடல்ஸ்போல் தொய்ந்துவிடும். வெப்பமண்டல லைன் இங்கே அருமையாக ஓடும், ஆனால் 12 டிகிரி ஆற்றில் கம்பிபோல் விறைத்துச் சுருள்சுருளாக நிற்கும். ஆகவே இரண்டு லைன் தேவை. முதலில் வெப்பமண்டல வகையில் ஒன்று வாங்கிப் பழகுங்கள், பயணம் உறுதியான பிறகு குளிர்நீர் லைனை வாங்கி மாற்று ஸ்பூலில் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டுமே மிதக்கும் வகை, முன்பக்கம் கனத்த வகை. பெட்டியில் டபிள்யூ, எஃப், 6, எஃப் என்ற குறியீடு இருக்கும்.

சுற்றும் வரிசை: ரீலின் அச்சில் பேக்கிங், அதன்மேல் லைன், லைனின் நுனியில் லீடர். லைனின் எந்த முனை ரீல் பக்கம் போகவேண்டும் என்று சிறு ஒட்டுத்தாள் இருக்கும், அதைப் பார்க்காமல் சுற்றினால் கனத்த பகுதி உள்ளே போய்விடும். லைன் வந்த பிளாஸ்டிக் ஸ்பூலின் நடுவில் ஒரு பென்சிலைச் செருகி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸ்பூல் உருளும்படி சுற்றுங்கள். பக்கவாட்டில் உருவி இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும், அந்த முறுக்கு மாதக்கணக்கில் தொந்தரவு தரும். ரீலின் விளிம்புக்கும் லைனுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

லீடர் என்பது அடியில் தடித்து நுனியில் மெலியும் தங்கூசி. அதன் நுனியில் கட்டும் மெல்லிய துண்டுதான் டிப்பெட். டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது சுமார் 0.15 மி.மீ. 4எக்ஸ் சுமார் 0.18, 3எக்ஸ் சுமார் 0.20. எண் கூடக்கூட நூல் மெலிகிறது. முள்ளின் அளவு எண்ணை (இதிலும் எண் கூடக்கூட முள் சிறிது) மூன்றால் வகுத்தால் எந்த டிப்பெட் பொருந்தும் என்று தோராயமாகத் தெரியும். 14-ஆம் எண் ஃபிளைக்கு 5எக்ஸ், 12-க்கு 4எக்ஸ்.

பிறகு இரண்டு பொருள்: தொப்பி, தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு மூக்குக்கண்ணாடி. இவை அலங்காரத்துக்கு அல்ல. முள் மணிக்கு எத்தனையோ கிலோமீட்டர் வேகத்தில் தலையைச் சுற்றிப் பறக்கிறது. கண்ணாடி இல்லாமல் யாரும் வீசக்கூடாது, பக்கத்தில் நிற்கிறவரும் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு முடிச்சு

முடிச்சுப் புத்தகங்களில் நூறு முடிச்சு இருக்கும். தொடங்க இரண்டு போதும். லைனுக்கும் லீடருக்கும் இப்போது கடையிலேயே நுனியில் காது (சிறு வளையம்) போட்டுத் தருகிறார்கள். லைனின் காதை லீடரின் காதுக்குள் விட்டு, லீடரின் மறுமுனையை லைனின் காது வழியே முழுதாக இழுத்தால் முடிந்தது.

லீடரோடு டிப்பெட்டைச் சேர்க்க: இரண்டு முனைகளையும் எதிரெதிராக 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் போடுங்கள். டிப்பெட் முழுவதையும் லீடரின் குட்டை முனையையும் ஒன்றாக அந்த வளையத்துக்குள் மூன்று முறை நுழையுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி, நான்கு முனைகளையும் ஒரே சீராக இழுங்கள்.

டிப்பெட்டில் ஃபிளையைக் கட்ட: முள்ளின் காதுக்குள் நுழைத்து, நூலைத் தன்மேலேயே ஐந்து சுற்று சுற்றி, முனையைக் காதுக்குப் பக்கத்தில் உண்டான சிறு இடைவெளிக்குள் விட்டு, அப்போது உருவான பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விட்டு, ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள்.

ஈரமாக்குவதை யாரும் சோம்பலில் விட்டுவிடக்கூடாது. உலர்ந்த நைலான் இறுகும்போது உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே பலம் இழக்கிறது. மீன் இழுத்து அறுந்துபோன நூலின் முனையைப் பாருங்கள்: பன்றி வால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, சரியாக இறுக்கவில்லை என்று பொருள். வெட்டினாற்போல் நேராக இருந்தால் நூல்தான் அறுந்திருக்கிறது.

திடலில் வீச்சு

புல் தரை வேண்டும். புளோக்கின் கீழ்த்தளமும் கார் நிறுத்துமிடமும் வேண்டாம், சிமெண்டில் ஒரு மணி நேரம் உரசினால் லைனின் மேற்பூச்சு போய்விடும். மழை பெய்து ஓய்ந்த ஈரப்புல் மிகவும் நல்லது. முன்னும் பின்னும் 20 மீட்டர் ஆளரவம் இல்லாத இடமாகப் பாருங்கள். காலை ஏழு மணி வாக்கில் பெரும்பாலான திடல்கள் காலியாக இருக்கும். முள்ளைக் கட்டவே வேண்டாம், அதற்குப் பதில் விரல் நகம் அளவு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுங்கள். எதுவும் கட்டாமல் வீசினால் லீடர் சாட்டைபோல் சொடுக்கிப் பிரிந்துபோகும்.

ராடின் நுனிக்கு வெளியே 8 மீட்டர் லைனை எடுத்து நேராக விரித்து வையுங்கள். கைப்பிடியைக் கைகுலுக்குவதுபோல் பிடித்து, பெருவிரலை மேலே வையுங்கள். ராடின் நுனி தரையைத் தொடுமளவு தாழ்ந்திருக்க வேண்டும். உயரத்திலிருந்து தொடங்கினால் தொங்கும் லைனை இழுப்பதிலேயே பாதி வீச்சு வீணாகிவிடும்.

இப்போது கையின் அசைவு. புதுமனை புகுவிழாவில் ஐயர் மாவிலையால் தீர்த்தம் தெளிப்பதை நினைத்துப் பாருங்கள். கை மெல்லக் கிளம்பி, வேகம் எடுத்து, சட்டென்று நிற்கிறது. நிற்கும் அந்தக் கணத்தில்தான் தண்ணீர் இலையை விட்டுப் பறக்கிறது. ஃபிளை வீச்சும் அதேதான்: மெல்லத் தொடங்கு, வேகம் கூட்டு, நிறுத்து. கை நிற்காவிட்டால் லைனுக்கு எந்தத் திசையும் கிடைக்காது.

பின்வீச்சில் பெருவிரல் காதுக்குச் சற்றுப் பின்னால் வரும்போது நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். தலையைத் திருப்பிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. சுருட்டிய பாயை உதறி விரித்தாற்போல் லைன் காற்றில் பிரிந்து கொண்டே போகும். கம்பளி நூல் முழுதாக நீளும் தறுவாயில் ராடின் நுனியில் ஒரு மெல்லிய இழுப்பு தெரியும். அந்த இழுப்புதான் முன்வீச்சுக்கு அழைப்பு. முன்னாலும் அதேபோல் கண் உயரத்தில் நிறுத்தி, லைன் விரிந்ததும் அதோடு ராடைத் தாழ்த்துங்கள்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். அதற்குமேல் கை சோர்ந்து, சோர்ந்த கை கற்றுக்கொள்வது தவறான அசைவைத்தான். வாரத்தில் நாலு நாள் 20 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வீசுவதைவிட எத்தனையோ மேல். இரண்டாவது வாரத்திலிருந்து 8, 10, 12 மீட்டரில் ஒவ்வொரு பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டு அதற்குள் விழும்படி வீசுங்கள். தூரம் பெரிதல்ல. ஆற்றில் பிடிபடும் டிரவுட்டில் பெரும்பகுதி 12 மீட்டருக்குள் பிடிபடுவதுதான்.

தவறுகள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும், ஒவ்வொன்றும் தன் காரணத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்டால், பின்னால் லைன் விரியும் முன்பே முன்வீச்சைத் தொடங்கிவிட்டீர்கள். ஆற்றில் இப்படிச் செய்தால் ஃபிளை அறுந்து போயிருக்கும், தெரியாமல் வெறும் நூலை அரைமணி நேரம் வீசிக்கொண்டிருப்பீர்கள்.

பின்னால் லைன் புல்லில் அடித்தால் மணிக்கட்டு அளவுக்குமேல் மடங்கி ராடு தரை நோக்கிச் சாய்கிறது. சட்டையின் கைப்பட்டிக்குள் ராடின் அடிமுனையைச் செருகிக்கொண்டு, அல்லது ஒரு ரப்பர் வளையத்தால் அடிமுனையை மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு ஒரு வாரம் வீசுங்கள். மணிக்கட்டு மடங்கப் பார்க்கும்போதே ரப்பர் இழுத்துச் சொல்லிவிடும்.

முன்னால் லைன் குவியலாக விழுந்தால் நிறுத்தம் இல்லை. கை நிற்காமல் கீழே வரைக்கும் தள்ளுகிறது.

இவற்றையெல்லாம்விடப் புரியாமல் வாட்டுவது ஒன்று உண்டு: லீடரில் தானாக முடிச்சு விழுவது. காற்றின்மேல் பழிபோடுவார்கள், ஆனால் காற்று முடிச்சுப் போடுவதில்லை. காற்றில் மடிந்து போகும் லைனின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை வெட்டிக் கடக்கும்போது அந்த முடிச்சு விழுகிறது. முன்வீச்சைத் தொடங்கும்போதே முழுப் பலத்தையும் போட்டால் ராடு சடாரென்று வளைந்து அதன் நுனி குழிந்த பாதையில் போகிறது, லைனும் நுனியைத் தொடர்ந்து தாழ்கிறது. பலத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பின்வீச்சை நிறுத்திய இடத்திலிருந்து ராடு தன்னறியாமல் முன்னால் ஊர்ந்துவிடுகிறதா என்றும் பாருங்கள், ஊர்ந்தால் வீசுவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்து இதே கோளாறு வரும். முடிச்சு விழுந்த டிப்பெட்டைக் கண்டதும் வெட்டிப்போட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அது பாதிப் பலத்தை இழந்துவிட்டது.

கைப்பேசியைப் பக்கவாட்டில் நிறுத்திக் காணொளி எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும்.

நீர்த்தேக்கத்தில்

மூன்று, நான்கு வாரத்துக்குப் பிறகு தண்ணீருக்குப் போகலாம். பிடோக், மெக்ரிட்சி, லோயர் சிலேத்தார், கிராஞ்சி நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் மீன்பிடிக்க ஒதுக்கிய பகுதிகள் உண்டு. அந்தப் பகுதிக்குள் மட்டும், செயற்கை இரையால் மட்டும் பிடிக்கலாம். உயிர் இரை கூடாது. மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம். ஃபிளை செயற்கை இரைதான், அந்த வகையில் நமக்குத் தடையில்லை. எல்லை மாறக்கூடும் என்பதால் கரையில் இருக்கும் பலகையை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நம் கரைகளில் ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் குழந்தைகளும் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். நடைபாதைக்கு மேல் பின்வீச்சு போகும் இடத்தில் வீசவே கூடாது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிலைக் குறடால் நசுக்கி மழுக்கிவிடுங்கள், தப்பித்தவறி யார்மேல் பட்டாலும் உருவி எடுத்துவிடலாம்.

இடம் குறுகலான கரைக்கு உருள்வீச்சு கைகொடுக்கும். இதைத் திடலில் பழக முடியாது, லைனைத் தண்ணீர் பிடித்திருந்தால்தான் ராடு வளையும். லைனை முன்னால் தண்ணீரில் கிடத்தி, ராடை மெதுவாக உயர்த்திக் காதுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். லைன் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் தொங்கித் தொப்பை போட்டு நிற்கும். நன்றாக நிற்கவிட்டு, வழக்கமான முன்வீச்சைப் போட்டு உயரத்தில் நிறுத்துங்கள். லைன் சக்கரம்போல் உருண்டு முன்னால் விரியும். தொப்பை நிற்கும் முன் அவசரப்பட்டால் உருளாது. டிரவுட் ஆற்றின் கரை முழுக்க மரமாக இருக்கும்போது இந்த வீச்சுதான் நாளைக் காப்பாற்றும்.

இங்கே முதல் மீன் பீகாக் பாஸாக இருக்கட்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்த்தேக்கங்களில் பெருகிவிட்ட மீன். கண்ணால் பார்த்துத் துரத்தும் சுபாவம், விடிகாலையிலும் மாலையிலும் தூண், மிதவை, கவிழ்ந்த கிளை ஆகியவற்றின் நிழலோரம் நிற்கும். ஈயக் கண் வைத்த வெள்ளை அல்லது வெளிர்பச்சைக் குளௌசர் மின்னோ என்ற ஃபிளை, 2 முதல் 4-ஆம் எண் முள்ளில். 9 அடி லீடர், நுனி 12 முதல் 16 பவுண்டு இழுவை தாங்கும் நூல். ஃபிளையை மூன்று எண்ணும் வரை மூழ்கவிட்டு, லைனை ராடு பிடித்த கையின் ஆட்காட்டி விரலுக்கு அடியில் பிடித்து, மறுகையால் ஒரு சாண் அளவில் வெட்டி வெட்டி இழுங்கள். ராடு தாழ்ந்து ஃபிளையை நேராகப் பார்த்திருக்கட்டும். மீன் அடித்ததும் ராடைத் தூக்காமல் லைனையே ஓர் இழுப்பு இழுங்கள், முள் ஏறும். தோமான் என்று நாம் சொல்லும் பெரிய விரால் வகை வருகிற இடமென்றால் டிப்பெட்டை 30 பவுண்டுக்கு மேல் தடிப்பாக்குங்கள், அதன் பல் மெல்லிய நூலை நொடியில் அறுத்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் தோமானை விட்டுவிடுவதே நியாயம். தாயும் தந்தையும் போனால் அந்தக் குஞ்சுகள் சில நிமிடத்தில் மற்ற மீன்களுக்கு இரை.

இடி முழக்கம் கேட்டால், வானம் தலைக்குமேல் வெளுத்திருந்தாலும், ராடைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள் போங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், 9 அடிக் கார்பனை வெட்டவெளியில் தூக்கிப் பிடிப்பது இடிதாங்கியைப் பிடிப்பதற்குச் சமம்.

டிரவுட்டிடம் போகும்போது

எங்கே போவது? சிங்கப்பூரிலிருந்து நேர் விமானம் இருக்கும் ஆக்லாந்து, கிறைஸ்ட்சர்ச் இரண்டுமே டிரவுட் நாட்டுக்கு வாசல். பிரவுன் டிரவுட் 1867-இல் டாஸ்மேனியாவிலிருந்தும், ரெயின்போ டிரவுட் 1883-இல் கலிஃபோர்னியாவிலிருந்தும் நியூசிலாந்துக்கு முட்டையாக வந்து சேர்ந்தவை. பெரும்பாலான ஆறுகளில் பருவம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. நவம்பர்-டிசம்பர் பள்ளி விடுமுறை அதற்குள் அழகாக விழுகிறது. ஜூன் விடுமுறையில்தான் போகமுடியும் என்றால் தவுப்போ ஏரியில் விழும் தோங்கரிரோ ஆற்றைப் பாருங்கள், அதன் கீழ்ப்பகுதி ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், குளிர்காலத்தில் ரெயின்போ முட்டையிட ஆற்றில் ஏறும். உரிமம் கட்டாயம். ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் உரிமம் தவுப்போவுக்குச் செல்லாது, தவுப்போவுக்கு அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் தனியாக வாங்கவேண்டும். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு நீலகிரி உண்டு, அவலாஞ்சியில் 1907-இல் தொடங்கிய டிரவுட் பொரிப்பகம் இருக்கிறது. அங்கே அனுமதியை முன்கூட்டியே கேட்டுப் பெறாமல் ராடை எடுக்கவேண்டாம்.

நீர்த்தேக்கத்தில் கற்றதில் ஒன்றை ஆற்றில் மறந்தாகவேண்டும். டிரவுட் ஃபிளையைக் கவ்வினால் லைனை வெட்டி இழுக்கக்கூடாது, 5எக்ஸ் நூல் அந்த அதிர்ச்சியில் அறுந்துவிடும். ராடை உயர்த்துங்கள், வளையும் ராடு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பீகாக் பாஸில் பழகிய கைக்கு இது முதல் நாள் வராது. திடலிலேயே நண்பர் ஒருவர் கம்பளி நூலைப் பிடித்திருக்க, நீங்கள் ராடை உயர்த்தும் பழக்கத்தை ஐம்பது முறை செய்துவிட்டுப் போங்கள்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், இரை தன்னைத் தேடி மிதந்துவரக் காத்திருக்கும். பாறைக்கு முன்னும் பின்னும், வேக நீரும் மெது நீரும் உரசிக்கொள்ளும் கோட்டிலும், கரையோரப் புல் கவிந்த இடத்திலும் நிற்கும். குறைந்த உழைப்பு, நிறைய இரை, ஒளிய நிழல் என்று மூன்றும் கூடும் இடம் அதற்கு வீடு. மீனுக்குப் பின்னாலிருந்து, அதாவது கீழ்நீரிலிருந்து மேல்நோக்கி நடங்கள். பெரும்பாலானவர்கள் வந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள், காலடியில் நின்ற மீன்களை அந்த நொடியிலேயே துரத்திவிடுகிறார்கள். இறங்கும் முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள்.

மீன் மேலே வாய்வைத்து வட்டம் எழுப்பினால் மிதக்கும் ஃபிளை: 14-ஆம் எண் அடம்ஸ் அல்லது எல்க் ஹேர் கேடிஸ். 9 அடி லீடரோடு 3 அடி டிப்பெட் சேர்த்து 12 அடி ஆக்கிக்கொள்ளுங்கள். மீனுக்கு மேல்நீரில் ஒன்றரை மீட்டர் தள்ளி விழச்செய்து, நீரோட்டத்தோடு தானாக மிதந்துவர விடுங்கள். இந்தத் தானாக மிதத்தல்தான் எல்லாம். லைனை வேக நீர் பிடித்து இழுத்தால் ஃபிளை தண்ணீரைக் கீறிக்கொண்டு ஓடும், எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது, டிரவுட் அதைத் திரும்பிப் பார்க்காது. ஃபிளை விழுந்தவுடனே ராடின் நுனியால் ஓர் அரைவட்டம் போட்டு லைனின் வயிற்றை மேல்நீர்ப் பக்கம் தூக்கிப் போடுங்கள். இழுவை தொடங்க இன்னும் சில நொடி கிடைக்கும். மீன் வாய் திறந்து எடுத்ததும் பதறாதீர்கள். பெரிய பிரவுன் நிதானமாக வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும், ஒரு மூச்சு பொறுத்து ராடை உயர்த்துங்கள்.

மேலே ஒன்றும் நடக்காவிட்டால் அடியில் தேடவேண்டும், டிரவுட் பெரும்பாலும் அடியில்தான் மேய்கிறது. 14-ஆம் எண் ஃபெசன்ட் டெயில் அல்லது ஹேர்ஸ் இயர், தலையில் டங்ஸ்டன் மணி வைத்தது. லீடரில் ஒரு சிறு மிதவை. மிதவைக்கும் ஃபிளைக்கும் நடுவே தண்ணீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். மிதவை நின்றாலும், தயங்கினாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் ராடை உயர்த்துங்கள். பாதி நேரம் கல்லாக இருக்கும். ஒருமுறைகூடக் கல்லில் தட்டவில்லை என்றால் ஃபிளை அடிக்குப் போகவில்லை, மிதவையை இன்னும் மேலே ஏற்றுங்கள்.

மாட்டிய மீனை ராடை மேலே நிமிர்த்தி மட்டும் இழுக்காமல், பக்கவாட்டில் சாய்த்துத் திசை திருப்புங்கள், சீக்கிரம் வரும். ஓடும்போது விடுங்கள், நிற்கும்போது சுற்றுங்கள். கையை நனைத்த பிறகே தொடவேண்டும், உலர்ந்த கை அதன் உடம்பு வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். படம் எடுப்பதென்றால் தண்ணீர் சொட்டச் சொட்ட ஐந்து நொடி. விடும்போது நீரோட்டத்தைப் பார்த்துத் தலைவைத்துப் பிடித்திருங்கள், வாலை உதறித் தானே போகும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் அன்று பிடிப்பதை நிறுத்திவிடுங்கள், நீந்திப்போகும் மீனும் பிறகு செத்துவிடக்கூடும்.

ஆற்றைக் கடக்கும்போது இடுப்பு வாரை இறுக்கிக்கட்டி, தொடைக்குமேல் ஆழம் போகாமல், ஒரு காலைத் தேய்த்து ஊன்றிய பிறகே மறுகாலை நகர்த்துங்கள். நியூசிலாந்தில் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) அடி வைத்த காலணி தடைசெய்யப்பட்டது. 2004-இல் அங்கே டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது, ஃபெல்ட்டின் ஈரத்தில் அது ஆறு விட்டு ஆறு பயணம் செய்யும். ரப்பர் அடி வாங்குங்கள். ஏற்கெனவே எந்தத் தண்ணீரிலாவது பட்ட காலணி, வேடர் (தண்ணீரில் இறங்க அணியும் நீர்புகாக் காற்சட்டை), வலை எதுவானாலும் விமான நிலையத்தில் தெரிவித்தாகவேண்டும். சேறு, புல் விதை, ஈரம் எதுவும் இருக்கக்கூடாது. கழுவி, உள்ளும் புறமும் தொட்டால் உலர்ந்திருக்கும் நிலைக்கு வந்தபிறகு இன்னும் 48 மணி நேரம் காயவிடவேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் ஊர்ப் புழுக்கத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் துணிக்கம்பியில் வேடர் அவ்வளவு எளிதில் காயாது. உட்புறத்தை வெளியே திருப்பி, காலுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்கு எதிரே இரண்டு நாள் வையுங்கள், தாளைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இதைத் தொடங்கினால் கடைசி இரவில் முடி உலர்த்தியோடு உட்கார வேண்டியிருக்காது.